எழுந்தால் வரும் வலி: ஸ்பைனல் ஊசிக்குப் பிந்தைய தலைவலியும் அல்ட்ராசவுண்ட் சொல்வதும்

முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தலைவலி வந்தால், வலி எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பாக, எப்போது இருக்கிறது என்றுதான் நான் கேட்பது வழக்கம். "படுத்திருந்தால் ஒன்றுமில்லை டாக்டர், எழுந்து உட்கார்ந்தால் நெற்றியும் பிடரியும் சேர்ந்து இழுக்கிறது, திரும்பப் படுத்தால்தான் தணிகிறது" என்று அவர் சொல்லிவிட்டால், நோயை அறிவதில் பாதி வேலை முடிந்துவிட்டது. இந்தத் தலைவலியின் முகவரி அதன் இடத்திலோ கடுமையிலோ இல்லை. உடலின் நிலை மாறும்போது அதுவும் மாறுகிறதே, அதில் இருக்கிறது.

மயக்கவியல் மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகும் என்னை வருத்துகிற ஒன்று உண்டு. வார்டில் மருத்துவர்கள் சுற்றி வரும்போது நோயாளி பெரும்பாலும் படுத்தே இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு வலி இல்லை. முகம் தெளிவாக இருக்கிறது. நாடியும் இரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன. அவர்கள் நகர்ந்த பிறகு, பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்காரும் தாய் வலி தாங்காமல் மீண்டும் சாய்ந்துகொள்கிறார். பார்ப்பவர்களுக்கு இது சோம்பலாகவோ மனச் சோர்வாகவோ படுகிறது. மற்றவர்கள் நம்பாத வலியைச் சுமப்பது எத்தனை கொடியது என்பதை அந்தத் தாய்மார்களின் முகத்தில் நான் கண்டிருக்கிறேன். ஆகவே, இந்தத் தலைவலி உள்ளவரைப் படுத்த நிலையில் ஒரு முறையும் உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும் பார்க்காதவர் அவரை இன்னும் பரிசோதிக்கவே இல்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கண்ணின் மேல் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கும் இதே விதி பொருந்தும் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஸ்பைனல் மயக்கமருந்து எவ்வளவு பழையதோ, இந்தத் தலைவலியும் அவ்வளவு பழையது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ரிக் குயின்கே, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசியைச் செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையை 1891-இல் அறிவித்தார். அதே கீலில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், 1898 ஆகஸ்ட் 16 அன்று அந்த வழியாகக் கொக்கைன் கரைசலைச் செலுத்தி, ஒரு நோயாளியின் காலில் வலியின்றி அறுவை செய்தார். அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குப் பின்னர் தலைவலியும் வாந்தியும் வந்ததைக் கண்ட அவர், எட்டு நாட்களுக்குப் பிறகு தம் உதவியாளர் ஹில்டெபிராண்ட்டிடம் தமக்கே அந்த ஊசியைப் போடச் சொன்னார். சிரிஞ்சு ஊசியோடு பொருந்தாமல் போனதால் மருந்தின் பெரும்பகுதி வெளியே சிந்தியது. பியரின் தண்டுவடத் திரவமும் கணிசமாக ஒழுகிப் போனது. பிறகு ஹில்டெபிராண்ட்டுக்குப் பியர் ஊசி போட்டார், அது பலித்தது. அடுத்து வந்த நாட்களில் பியருக்குத் தலைக்குள் கடும் அழுத்தமும் தலைச்சுற்றலும் வந்தன, கிடைமட்டமாகப் படுத்தால் அவை மறைந்தன, எழுந்தால் திரும்பின. ஒன்பது நாட்களுக்குப் பிறகுதான் அவர் முழுமையாக மீண்டார். திரவ இழப்பே தம் தலைவலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் அப்போதே ஊகித்தார். நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் அந்த ஊகத்தின் மையத்தை இன்றுவரை அசைக்கவில்லை. முதல் விவரிப்பை எழுதியவரே நோயாளியாகவும் இருந்ததால்தான் அது அவ்வளவு துல்லியமாக அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. படுக்கையருகே நின்று பார்த்தவர் ஒருவர் அதை எழுதியிருந்தால் படுத்தால் மறைவதும் எழுந்தால் திரும்புவதும் தவறிப்போயிருக்கக்கூடும்.

பெரியவர் ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தின் அளவு சுமார் 150 மில்லி லிட்டர். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 மில்லி லிட்டர். இந்தத் திரவத்தில் மிதப்பதால்தான், சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை 50 கிராம் அளவுக்கே கீழ்நோக்கி அழுத்துகிறது. ஊசி இட்ட துளை வழியே திரவம் சுரப்பதைவிட வேகமாகக் கசியத் தொடங்கினால், அந்த மிதப்பு குறைகிறது. படுத்திருக்கும்போது இடுப்புப் பகுதியில் திரவத்தின் அழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 15 சென்டிமீட்டர் நீரளவு. உட்கார்ந்தவுடன் அது 40-ஐத் தாண்டிவிடுகிறது. எழுவதால் இரண்டு கேடுகள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன: கீழே துளையின் மீது அழுத்தம் கூடிக் கசிவு அதிகரிக்கிறது, மேலே ஏற்கெனவே குறைந்திருந்த ஆதரவு இன்னும் குறைந்து, மூளை சற்றே கீழிறங்கி, அதைத் தாங்கும் உறைகளையும் இரத்த நாளங்களையும் இழுக்கிறது. அவற்றில் வலி உணரும் நரம்பிழைகள் உண்டு.

இது ஒரு காரணம் மட்டுமே. மண்டையோட்டுக்குள் மூளை, இரத்தம், திரவம் ஆகிய மூன்றின் மொத்தக் கன அளவு மாறாது என்பதை மன்றோ–கெல்லி கோட்பாடு என்பார்கள். திரவம் குறைந்தால் அந்த இடத்தை இரத்தம் நிரப்ப வேண்டும். சிரைகள் விரிகின்றன, அந்த விரிவும் வலிக்கிறது. இரத்த நாளங்களைச் சுருங்கச் செய்யும் காஃபீன் சிலருக்குத் தற்காலிக ஆறுதல் தருவதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். காதிரைச்சலும் கேட்கும் திறன் மந்தமாவதும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது: மூளையைச் சூழ்ந்த திரவத்துக்கும் உட்செவித் திரவத்துக்கும் இடையே ஒரு நுண்குழாய் இணைப்பு இருப்பதால், ஒன்றில் அழுத்தம் குறையும்போது மற்றதும் பாதிக்கப்படுகிறது. மிக அரிதாகச் சிலருக்கு இரட்டைப் பார்வை வருகிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் நீண்ட வழி செல்லும் ஆறாவது கபால நரம்பு இழுபடுவதே அதற்குக் காரணம். அது நீங்க வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகலாம்.

யாருக்கு வரும் என்ற கேள்விக்கு முதலில் சொல்ல வேண்டியது ஊசியைப் பற்றி. 1956-இல் வாண்டமும் டிரிப்ஸும் 10,098 ஸ்பைனல் மயக்கமருந்துகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், சுமார் 11 விழுக்காட்டில் தலைவலி பதிவாகியிருந்தது. அன்று பயன்பட்டவை பெரும்பாலும் தடித்த, வெட்டும் முனை கொண்ட ஊசிகள். 1951-இல் ஹார்ட்டும் விட்டேக்கரும் பென்சில் முனை ஊசியை அறிமுகப்படுத்தினர். 1987-இல் ஸ்ப்ராட்டே அதே வகை ஊசியில் தம் வடிவத்தை வெளியிட்டார். துணியைக் கத்தியால் கீறுவதற்கும் இழைகளை விலக்கி ஊசியை நுழைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று இதை மாணவர்களுக்கு விளக்குவது வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் திரவத்தோடு சேர்த்து மூடியிருக்கும் தடித்த வெளி உறையான டியூராவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்த ரெய்னா குழுவினர், அதன் இழைகள் ஒரே திசையில் ஓடவில்லை, பல அடுக்குகளாகப் பல திசைகளில் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டினார்கள். வெட்டும் முனை ஊசி நேர்த்தியான ஓட்டையை விடுகிறது. பென்சில் முனையோ ஓரங்கள் பிய்ந்த, ஒழுங்கற்ற காயத்தை விடுகிறது. அந்தப் பிய்ந்த ஓரங்கள் அழற்சியைத் தூண்டி விரைவில் வீங்கி அடைத்துக்கொள்வதால்தான் கசிவு குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். விளக்கம் எதுவானாலும் பயன் ஐயத்துக்கு இடமற்றது. 31,000-க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 110 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த பகுப்பாய்வில், வழக்கமான ஊசிகளுக்குப் பின் 11 விழுக்காட்டினருக்கு வந்த தலைவலி, பென்சில் முனை போன்ற ஊசிகளுக்குப் பின் 4.2 விழுக்காட்டினருக்கே வந்தது. இந்த எண்கள் வெளிவந்த பிறகும் வெட்டும் முனை ஊசியையே கையிருப்பில் வைத்திருப்பதற்கு நியாயம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இளம் வயது, பெண்ணாக இருத்தல், கருவுற்றிருத்தல், முன்பே இத்தகைய தலைவலி வந்திருத்தல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றை நம்மால் மாற்ற முடியாது. எத்தனை முறை குத்துகிறோம் என்பதை மாற்ற முடியும். அல்ட்ராசவுண்ட் இந்தக் கதைக்குள் முதலில் நுழைவது அங்கேதான்.

இடுப்பெலும்புகளின் மேல் விளிம்புகளை இணைத்து மனத்தில் ஒரு கோடு வரைந்து, அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பைத் தொடும் என்று கொண்டு ஊசி போடுகிறோம். அந்தக் கணக்கு எவ்வளவு தவறக்கூடும் என்பதை 2000-இல் பிராட்பென்ட்டும் உடனிருந்தவர்களும் காட்டினர்: மயக்கவியல் மருத்துவர்கள் கையால் தடவிச் சொன்ன முள்ளெலும்பு இடைவெளியை எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டபோது, 29 விழுக்காடு மட்டுமே சரியாக இருந்தது. தாங்கள் நினைத்ததைவிட நான்கு இடைவெளிகள் வரை மேலே இருந்தவர்களும் உண்டு. பருமனான உடலிலோ வளைந்த முதுகிலோ வளைமுக புரோபை (அலைகளை அனுப்பிப் பெறும், உடலில் வைக்கும் கைப்பகுதியை) வைத்து, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முதுகைப் பார்த்தால், எந்த இடைவெளி திறந்திருக்கிறது, டியூரா எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஊசியை எந்தச் சாய்வில் செலுத்த வேண்டும் என்பவை முன்கூட்டியே தெரிகின்றன. தேவையற்ற குத்தல்கள் குறைகின்றன. எளிதில் தடவித் தெரியும் முதுகுக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, தலைவலி வந்துவிட்டவரிடம் வருவோம். மூன்றில் இரண்டு பங்கினருக்கு 48 மணி நேரத்துக்குள்ளும், பத்தில் ஒன்பது பேருக்கு மூன்று நாட்களுக்குள்ளும் இது தொடங்குகிறது. டியூரா துளையிடப்பட்டு ஐந்து நாட்களுக்குள் தொடங்குவது என்று பன்னாட்டுத் தலைவலி வகைப்பாடு வரையறுக்கிறது. ஸ்பைனலுக்குப் பின் வரும் தலைவலி எல்லாம் ஸ்பைனலால் வந்ததல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, வழக்கமாகக் காபி குடிப்பவர் பட்டினி கிடந்ததால் வரும் வலி ஆகியவை தீங்கற்றவை. பிரசவித்தவரிடம் முன்சூல்வலிப்பு நோய் (கர்ப்பத்தோடு தொடர்புடைய உயர் இரத்த அழுத்த நோய்), மூளையுறை அழற்சி, மூளைச் சிரைகளில் இரத்தம் உறைதல், டியூராவுக்கு அடியில் இரத்தம் கட்டுதல் ஆகியவை தீங்கானவை. கடைசி இரண்டும் திரவக் கசிவின் விளைவாகவே வரக்கூடியவை. கீழிறங்கும் மூளை இணைப்புச் சிரைகளை இழுக்க, அவற்றில் ஒன்று அறுபட்டு இரத்தம் மெல்லச் சேர்கிறது. நேற்றுவரை எழுந்தால் மட்டும் வந்த வலி இன்று படுத்தாலும் விடவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். காய்ச்சல், வலிப்பு, உறக்க மயக்கம், கைகால் பலவீனம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த விசாரணைக்குப் பிறகுதான் நான் அல்ட்ராசவுண்ட் கருவியைப் படுக்கையருகே கொண்டுவரச் சொல்வேன். தலைக்குள் உள்ள அழுத்தத்தைக் கண் வழியாக அறிய முடிவதற்குக் காரணம் உடற்கூறிலேயே இருக்கிறது. பார்வை நரம்பு மூளையின் நீட்சி. மூளையைச் சுற்றியுள்ள டியூராவே அந்த நரம்பையும் உறையாகச் சூழ்ந்து கண்விழியின் பின்புறம் வரை வருகிறது. உறைக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அதே மூளைத் தண்டுவடத் திரவம் நிற்கிறது. தலைக்குள் அழுத்தம் கூடினால் உறை உப்புகிறது, குறைந்தால் ஒடுங்குகிறது. கண்விழிக்குப் பின்னால் 3 மி.மீ. தொலைவில் அந்த உறை மிக எளிதாக விரிந்து சுருங்குவதால் அங்கேதான் அளக்கிறோம். 1990-களில் ஹெல்ம்கேயும் ஹான்சனும் செய்த ஆய்வுகள் இந்த முறைக்கு அடித்தளம் இட்டன.

செய்முறை எளிது, அதைச் சரியாகச் செய்வது எளிதல்ல. நோயாளி கண்களை மூடியிருக்க, இமையின் மேல் மெல்லிய ஒளிபுகும் ஒட்டுப் படலத்தைப் போட்டு, அதன்மேல் ஜெல்லைத் தாராளமாக வைக்கிறேன். 7.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நேர்முக புரோப் வேண்டும். கையின் பாரத்தை நோயாளியின் நெற்றியெலும்பின் மீதோ கன்னத்தின் மீதோ தாங்கவிட்டு, புரோப் ஜெல்லின் மேல் மிதக்குமாறு பிடிக்க வேண்டும். கண்ணை அழுத்தினால் அளவும் பிழைக்கும், நாடித் துடிப்பும் தாழக்கூடும். ஒலியின் ஆற்றலைக் கண்ணுக்குரிய அமைப்பில் வைத்துக்கொள்வது கட்டாயம்: ஒலி அலை திசுவுக்கு இயந்திர வகையில் தீங்கு செய்யும் வாய்ப்பைக் காட்டும் எண் இயந்திரக் குறியீடு; கண் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. விதித்த அதன் வரம்பு 0.23; வயிற்றைப் பார்க்கும் அமைப்பிலேயே கண்ணைப் பார்ப்பது அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். கண்ணில் காயமோ அண்மையில் செய்த அறுவையோ இருந்தால் இந்தப் பரிசோதனையையே தவிர்க்கிறேன்.

திரையில் கண்விழி கருவட்டமாகத் தெரியும். அதன் பின்னே நரம்பு கருமையான பட்டையாக இறங்கும். அதன் இருபுறமும் உறையின் எல்லை தெரியும். விழித்திரையிலிருந்து 3 மி.மீ. பின்னோக்கி அளந்து, அந்த இடத்தில் நரம்புக்குச் செங்குத்தாக உறையின் ஒரு வெளி எல்லையிலிருந்து மறு வெளி எல்லை வரை அளக்கிறோம். ஒவ்வொரு கண்ணிலும் குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் எடுத்துச் சராசரி காண்கிறோம். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து விழும் நிழலை நரம்பென்று எண்ணி அளந்துவிடுவது கற்போர் அனைவருக்கும் நேரும் இடர். புரோபைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் நிழல் நகரும், நரம்பு தன் வழியில் நிற்கும்.

அளவு கிடைத்துவிட்டது. 4.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதற்கு என்ன பொருள்? தனியாக எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அழுத்தம் கூடியவர்களைக் கண்டறிய 5 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை பல வெட்டுப்புள்ளிகள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. அழுத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற எல்லைக்கோடு கிடையாது. நலமாக இருப்பவர்களிடையே இயல்பாகவே விட்டம் கணிசமாக வேறுபடுகிறது. ஒருவரின் நல்ல நாள் அளவு, இன்னொருவரின் தலைவலி நாள் அளவாக இருக்கலாம். அதோடு இருவர் தனித்தனியே அளந்தால் 0.2 அல்லது 0.3 மி.மீ. வேறுபாடு வருவது இயல்பு. நாம் தேடும் மாற்றமும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்னும்போது, ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு "உங்களுக்குத் தலைவலி இருக்க வாய்ப்பில்லை" என்று ஒரு நோயாளியிடம் சொல்வது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

ஆனால் அதே மனிதரை, அதே கையால், இரண்டு நிலைகளில் அளந்தால் எண்களுக்கு உயிர் வருகிறது. தானாகத் திரவம் கசிந்து அழுத்தம் குறையும் நோயுள்ளவர்களிடம் ஃபிஷ்னரும் உடனிருந்தவர்களும் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எழுந்தால் வலி வருபவர்களுக்கு நிமிர்ந்த நிலையில் உறையின் விட்டம் தெளிவாகச் சுருங்கியது. படுத்த நிலை அளவுகளை மட்டும் பார்த்தால் அந்த வேறுபாடு புலப்படாமல் போயிருக்கும். ஸ்பைனலுக்குப் பிந்தைய தலைவலியும் இதே அழுத்தக் குறைவால் வருவது. ஆகவே நான் முதலில் படுக்கவைத்து அளந்து, பிறகு நோயாளி தாங்கும் அளவுக்கு உட்காரவைத்து, வலி ஏறத் தொடங்கியதும் மீண்டும் அளக்கிறேன். வலியோடு உட்கார்ந்திருப்பவரை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. ஒரு கண் போதும் என்று நிறுத்திக்கொண்டு அவரைப் படுக்கவைக்கிறேன். எண்ணைவிட முக்கியமான ஒன்று அப்போது நடக்கிறது: அந்தச் சில நிமிடங்களில் அவர் முகம் மாறுவதை நானும், என்னுடன் நிற்கும் செவிலியரும், குடும்பத்தாரும் நேரில் பார்க்கிறோம். வலியை ஐயுற்றவர்கள் அதன்பின் ஐயுறுவதில்லை.

டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்னும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982-இல் ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய இம்முறையில், காதுக்கு முன்னுள்ள மெல்லிய எலும்பின் வழியே 2 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, மூளையின் நடுத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறோம். உச்ச வேகத்திலிருந்து தாழ் வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுத்தால் கிடைப்பது துடிப்புக் குறியீடு. நாளங்கள் விரிந்து தடை குறைந்தால் அது தாழும் என்பது எதிர்பார்ப்பு. கோட்பாட்டளவில் இது அழகாக இருக்கிறது. படுக்கையருகே வரும்போது வலிநீக்கிகளும், இரத்த அழுத்த மாற்றமும், இரத்தசோகையும், மூச்சின் வேகத்தால் மாறும் கரியமில வாயுவும் அந்தக் குறியீட்டைத் தம் போக்கில் நகர்த்துகின்றன. சிலருக்கு அந்த எலும்பு வழியே அலை நுழைவதே இல்லை. ஆய்வுக்கு இது பயன்படட்டும். ஒரு நோயாளியின் சிகிச்சையை இதை வைத்து முடிவு செய்ய நான் துணியமாட்டேன்.

சிகிச்சையில் முதலில் களைய வேண்டியது ஒரு பழக்கம். ஸ்பைனல் போட்டவர் தலையைத் தூக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்தால் தலைவலி வராது என்ற நம்பிக்கை இன்னும் பல வார்டுகளில் கட்டளையாகவே வழங்குகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு இதைத் தெளிவாக மறுத்திருக்கிறது. கூடுதலாக ஏற்றப்படும் நரம்புவழித் திரவமும் தடுப்பதில்லை. 2023-இல் பல நாட்டு மயக்கவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் தடுப்புக்காகப் படுக்கவைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. வலி வந்த பிறகு, வசதிக்காகப் படுப்பது வேறு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாள்கணக்கில் படுத்தே இருப்பவருக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, பிரசவித்தவருக்கு அது இன்னும் அதிகம். நீரிழப்பு நேராமல் பார்த்துக்கொள்வது, பாராசிட்டமால், பொருந்துமானால் அழற்சி நீக்கிகள், முதல் 24 மணி நேரத்தில் அளவோடு காஃபீன் ஆகியவை பலருக்குப் போதுமானவை. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானோருக்குத் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

தீராதவர்களுக்கும், குழந்தையைக்கூடக் கவனிக்க முடியாத அளவுக்கு வலியுள்ளவர்களுக்கும் எபிடியூரல் பிளட் பேட்ச் இருக்கிறது. துளையிடும்போது இரத்தம் வந்த நோயாளிகளுக்குத் தலைவலி குறைவாக வருவதைக் கவனித்த கார்ம்லி, 1960-இல் நோயாளியின் இரத்தத்தையே 2, 3 மில்லி லிட்டர் எடுத்து, டியூராவுக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடைவெளியில் செலுத்தினார். இன்று சுமார் 20 மில்லி லிட்டர் வரை செலுத்த முயல்கிறோம். முதுகில் அழுத்தமோ வலியோ கூடினால் அங்கேயே நிறுத்துகிறோம். காய்ச்சல் உள்ளவருக்கும் இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவருக்கும் இது கூடாது. முதல் முறையிலேயே எல்லோருக்கும் முழுமையாகத் தீரும் என்று முன்பு சொல்லப்பட்டது மிகை; சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படுகிறது. நோயாளியிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் எனக்கு மிகவும் கைகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். செலுத்திய இரத்தம் முதலில் செய்யும் வேலை, டியூரா உறையை வெளியிலிருந்து நெருக்கித் திரவத்தை மேலே தள்ளுவது. துளையை அடைப்பது அதன்பின் நடக்கிறது. அதனால்தான் சிலர் படுக்கையிலேயே "தலை லேசாகிவிட்டது" என்கிறார்கள். பேட்ச் பலித்தவர்களுக்குப் பார்வை நரம்பு உறையின் விட்டம் சில நிமிடங்களிலேயே கூடி, அடுத்த நாளும் கூடுதலாகவே நிற்பதைச் சிறிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. முதல் சில மணி நேரத்தில் காணும் உயர்வு நெருக்கலால் மட்டும் வந்ததாக இருக்கலாம். உறைந்த இரத்தம் கரைந்து அந்த நெருக்கல் தளர்ந்த பிறகு, மறுநாள் காலையில் உட்காரவைத்து எடுக்கும் அளவே துளை அடைந்ததா என்பதைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளது. உட்கார்ந்த நிலை அளவு படுத்த நிலை அளவை நெருங்கிவிட்டது, நோயாளியும் வலியின்றி உட்கார்கிறார் என்றால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. நோயாளி நலம் என்கிறார், எண் மாறவில்லை என்றால் நான் நோயாளியை நம்புகிறேன்.

எண் என்னைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒரு நிலையும் உண்டு. பேட்ச் போட்ட ஓரிரு நாட்களில் சிலர் மீண்டும் தலைவலி என்று வருவார்கள். பேட்ச் தோற்றுவிட்டது, இன்னொன்று போடுவோம் என்று கை பரபரக்கும் நேரம் அது. பொறுமையாகக் கேட்டால், இந்த முறை வலி படுத்தால் கூடுகிறது, எழுந்து நின்றால் குறைகிறது என்பார்கள்; குமட்டலும் பார்வை மங்கலும் சேர்ந்திருக்கலாம். கசிவு நின்றபின் அழுத்தம் எதிர்த்திசையில் தாவிவிட்ட நிலை இது. கண்ணில் அளந்தால் உறையின் விட்டம் பேட்சுக்கு முந்தைய அவருடைய அளவையும், பேட்சுக்கு மறுநாள் எடுத்த அளவையும் தாண்டியிருக்கும். இந்த ஒப்பீட்டுக்காகத்தான் ஒவ்வொரு அளவையும், எடுத்த நேரத்தையும், அப்போது படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா என்பதையும் சேர்த்துக் கோப்பில் எழுதி வைக்கிறேன். இவருக்கு இரண்டாவது பேட்ச் தீங்கையே செய்யும். தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைத்து, திரவச் சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு தேவையா என்று நரம்பியல் மருத்துவருடன் ஆலோசித்து, இதே அறிகுறிகளோடு வரக்கூடிய மூளைச் சிரை உறைவு இல்லை என்பதை எம்.ஆர்.ஐ. சிரைப் படம் எடுத்து உறுதி செய்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.